கொலைகாரன் யாருன்னு சொல்லாதீங்க்கா

பல்லடம் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண், "அவன் கொல்லலீங்க்கா, எனக்குத் தெரியும்" என்றதும் திடுக்கிட்டு எட்டிப் பார்த்தேன். அவள் மடியில் பழைய கோர்ட் நாவலைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

அவள் பக்கத்திலிருந்த அக்கா சிரித்தார். "நான் முடிச்சுட்டேன். யாருன்னு சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டாங்க்கா! வக்கீல் இப்பத்தான் எந்திரிச்சிருக்காரு."

"எல்லாம் ஒரே மாதிரி கதைதான புள்ள, சலிக்கலியா?"

"ஒரே கேள்வியில பொய் சொன்னவன் வேர்த்துப்போறான் பாருங்க, அது சலிக்காதுங்க்கா. கம்பெனியில தைச்ச பனியன்ல எண்ணெய்க் கறைன்னு எம்மேல பழி போட்டாங்கல்ல, இன்னிக்கு மேனேஜர்கிட்ட நானும் கேக்கோணும். 'அன்னிக்கு நான் லீவுங்க. எம்மெஷின்ல யாருங்க உக்காந்தது?'"

"கேட்டுருவியா?"

"மேனேஜரைப் பார்த்ததும் கேள்வி மறந்துபோயிருமோன்னு இருக்குதுங்க்கா."

"கேக்காம வந்தீன்னா, சாயங்காலம் கொலைகாரன் பேரைச் சொல்லிப்போடுவேன் கண்ணு."

ரெண்டு பேரும் கம்பெனி ஸ்டாப்பில் இறங்கிவிட்டார்கள். கேட்டாளா இல்லையா என்று எனக்குத்தான் இன்னும் கவலை.