ஐந்து கிலோ தொட்டியும் ஒன்றரை நொடியும்

மாடிக்கு மாடி மனம் வேறானாலும் மாலையில் நம்மை ஒன்றாய் அமர வைத்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! மூட்டுவலியோடு முன்வரிசைக்கு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்த தாய்மார்களே! நிழல் இருக்க நடு முற்றத்தில் ஏன் நாற்காலி போட்டாள் என்று என்னை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருக்கும் அண்டை வீட்டாரே! அனைவருக்கும் வணக்கம்.

"டீச்சர், வெயில் மண்டையப் பொளக்குது!"

கேட்கிறது அக்கா. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

'அன்றாட வாழ்வில் இயற்பியல்' என்று தலைப்புத் தந்தார்கள். சென்ற மாதம் வரை அது எனக்கு எளிய தலைப்பு. இன்று அப்படி இல்லை.

நினைவிருக்கிறதா? நம் வாசலில் தைக்கும் டெய்லர் அண்ணனின் நாற்காலி ஒரு காலை வேளையில் நொறுங்கியது. மேலிருந்து விழுந்தது ஒரு ரோஜாத் தொட்டி. காற்று என்றார் தலைவர். பூனை என்றார் செயலாளர். கடைசியில் மூன்றாம் மாடிப் பிள்ளைகள்தான் என்று முடிவு கட்டி, அவர்கள் விளையாடத் தடை போட்டோம்.

காற்றும் அல்ல, பூனையும் அல்ல, பிள்ளைகளும் அல்ல. அது என் தொட்டி! தள்ளியது என் முழங்கை!

தலைவரே, உட்காருங்கள். முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

"பால்கனி சுவர் மேலயா வைக்கிற? விழுந்து தொலைக்கப் போகுது" என்றார் என் கணவர். "எனக்கே பாடமா? யாராவது தள்ளாம எதுவும் தானா நகராது" என்றேன். அந்த யாராவது நானேதான். போர்வையை உதறினேன், முழங்கை பட்டது, தொட்டியைக் காணோம்.

ஐந்து கிலோ. பன்னிரண்டு மீட்டர். ஒன்றரை நொடி! "அண்ணே" என்று கத்த வாய் திறப்பதற்குள் சத்தம் கேட்டுவிட்டது. மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வரும் தொட்டிக்கு யார் வழிவிட முடியும்?

இருபது ஆண்டுகளாக இதே கணக்கைக் கரும்பலகையில் போடுகிறேன். உயரம் தருவேன், எடை தருவேன், தரையைத் தொடும் வேகம் கேட்பேன். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்பேன். கீழே ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார் என்று ஒருநாளாவது எழுதினேனா? இல்லை! என் கணக்குகளில் தரை உண்டு. தரையில் ஆளே கிடையாது!

படியில் பாய்ந்து இறங்கினேன். அண்ணன் நின்றுகொண்டிருந்தார். நூல் தீர்ந்து, எடுத்து வர எழுந்து போயிருந்தாராம். கையில் உடைந்த தொட்டியின் ஓட்டுத் துண்டு.

"டீச்சர், இது அன்னைக்கு லிஃப்ட் ஓடலன்னு நான் தூக்கிட்டு வந்து வச்சதுதானே?"

ஆம், மாடிக்கு மாடி நின்று, மூச்சு வாங்கி, அவர்தான் சுமந்து ஏற்றினார். படிக்குப் படி அவர் செய்த வேலை தொட்டிக்குள் ஆற்றலாய் ஏறியது. எட்டு மாதம் சத்தமில்லாமல் சுவர் மேல் காத்திருந்தது. ஏற்றியவர் தலையை நோக்கியே இறங்கி வந்தது! ஆற்றல் அழியாது என்று ஆயிரம் முறை சொன்னவள் நான். அன்றுதான் அதன் பொருள் எனக்கே புரிந்தது.

"அன்னைக்கு முதுகு போச்சு, இன்னைக்குத் தலை தப்பிச்சுது. விடுங்க டீச்சர், யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றார். அவர் வாக்கைக் காத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். தண்டனை பிள்ளைகளுக்குப் போனது. கண்ணுகளா, இந்த அத்தையை மன்னியுங்கள். தடையை இப்போதே நீக்குங்கள், தலைவரே!

இனி, அனைவரும் அண்ணாந்து பாருங்கள். பால்கனிச் சுவர்கள் மேல் நாற்பத்து மூன்று தொட்டிகள்! ஒரு இஸ்திரிப் பெட்டி! ஒரு பழைய மிக்ஸி! நிழல் விழும் இடமெல்லாம் அவை விழும் இடம். அதனால்தான் அண்ணனும் நானும் காலையிலேயே நாற்காலிகளை வெயிலுக்கு இழுத்தோம்.

"ஐயையோ, அந்த மிக்ஸி எங்களுது!"

ஓடுங்கள் அக்கா! யாரும் கைதட்ட வேண்டாம். அந்தக் கைகளால் ஆளுக்கொரு தொட்டியை இறக்கி உள்ளே வையுங்கள். கடைசித் தொட்டியும் இறங்கியதும் வாருங்கள். நாற்காலிகளை நிழலுக்கு நகர்த்தி வைக்கிறேன். பொறுமையாய்க் கேட்டதற்கு நன்றி. வணக்கம்.