ஷை குடும்பத்து நானூற்றுப் பதினொரு பேர்

இந்த அவையின் தலைமைப் பொறுப்பைத் தாங்கி, பேசுவோரின் நேரத்தைக் கைக்கடிகாரத்தாலும் கடைக்கண்ணாலும் அளந்துகொண்டிருக்கும் தலைவி அருந்ததி அம்மையார் அவர்களே! முன்வரிசையை முழுமையாக்கி வீற்றிருக்கும் மூத்தோர்களே! மூன்று மணிக்குக் கூட்டமென்றதும் இரண்டரைக்கே வந்து முகஞ்சுளிக்காமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மங்கிய மையையும் மக்கிய தாளையும் உற்றுப் பார்த்து ஊரின் பெயர்களையெல்லாம் தட்டச்சில் ஏற்றும் தொண்டர்களே! மானிப்பாய்ப் பெருமக்களே! காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் ஒருகாலத்தில் கணக்கெழுதும் லிகிதராய் இருந்த இராசநாயகம் உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என்னை ஏன் மேடையேற்றினார்கள்? அதிக வரி தட்டச்சுச் செய்தவன் என்பதற்காகவா? அதிக பிழை விட்டவன் என்பதற்காகவா? என்ன ரீச்சர், இரண்டுக்கும் எண்டோ? பண்டத்தரிப்பு ஆரணி ரீச்சர் அங்கிருந்து தலையாட்டுகிறா. ஆட்டட்டும். அவவுக்கு அந்த உரிமை உண்டு. ஏனென்று பிறகு சொல்லுவேன்.

நம் தொண்டு என்ன? பழைய பிறப்புப் பதிவேடுகளைப் படம்பிடித்து, வம்சம் தேடுவோருக்கான இணையத்தளம் ஒன்றில் ஏற்றியிருக்கிறார்கள். படத்தைப் பார்த்து எழுத்தாக்குவது நம் பணி. சம்பளம் உண்டா? இல்லை. சாப்பாடு உண்டா? இல்லை. ஆனால் அன்பர்களே, மாதமுடிவில் ஒரு பட்டியல் உண்டு! யார் எத்தனை வரி என்று முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் போட்டு உலகம் முழுக்கக் காட்டுவார்கள். அந்த முதலாம் இடத்துக்காக ஓடிய காலத்தில் நான் குளித்த நாட்களை எண்ணிவிடலாம். குளிக்காத நாட்களை என் மனைவியிடம் கேளுங்கள்.

ஒருநாள் ஒரு பக்கத்தைத் திறந்தேன். முதலாம் வரி. பிள்ளையின் பெயர் கனகலிங்கம். தகப்பன் பெயர்? ஷை. தாயின் பெயர்? ஷை. பிறந்த ஊர்? அதுவும் ஷை! ஷானாவுக்கு ஐகாரம் போட்டு, அழகான கையெழுத்து. எழுத்துக்கு எழுத்து இருப்பதை இருந்தபடி தட்டச்சு செய்வதுதானே தொண்டனின் தர்மம்? செய்தேன். அடுத்த பக்கங்களிலும் ஷை. அதற்கடுத்த பக்கங்களிலும் ஷை. தளராமல் தட்டினேன், தயங்காமல் தட்டினேன், முதலாம் இடத்தையும் தட்டிக்கொண்டேன்!

இரண்டு மாதத்தில் கனடாவிலிருந்து ஒருவர் கடிதம் போட்டார். "வலிகாமத்தில் ஷை குடும்பத்தார் நானூற்றுப் பதினொரு பேர் இருக்கிறார்கள். நாங்களும் அந்த வழியாம். ஒன்றுகூடல் எப்போது?" நான் பதில் போட்டேனா இல்லையா? போட்டேன். மண்டபம் பார்க்கிறேன் என்று போட்டேன்! சிரியுங்கோ, சிரியுங்கோ. இனித்தான் சிரிக்கேலாத கட்டம்.

அடுத்த தை மாதத்தில் ஒரு முதியவர் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு உள்ளே வந்தார். காங்கேசன்துறைக் கடலில் தொழில்செய்து, தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து, மானிப்பாயிலேயே நின்றுவிட்ட கனகலிங்கம் அண்ணை. எழுபத்தெட்டு வயது.

"தம்பி, எனக்கொரு பேர் வேணும்."

"ஆற்றை பேர் அண்ணை?"

"என்ரை அம்மான்ரை."

அன்பர்களே, அவரைப் பெற்றதோடு தாய் கண்மூடிவிட்டாராம். தகப்பனின் தமக்கைக்கு அந்தக் கலியாணத்தில் சம்மதமில்லை. பிள்ளைகளை வளர்த்தவர் அந்த மாமிதான். ஆனால் தாயின் பெயரை வீட்டில் ஒருவரும் வாயில் எடுக்கக் கூடாது. பள்ளிக்கூடத்திலும் தாயென்று மாமி தன் பெயரையே கொடுத்திருக்கிறா. தகப்பன் கடலோடு போனபின் கேட்பதற்கும் ஆளில்லை. ஆண்டுதோறும் தாயை இழந்தோர் விரதமிருக்கும் சித்திராப் பௌர்ணமிக்குக் கோயிலில் ஐயர், "தாயாரின்ரை பேர்?" என்று கேட்பார். இந்த மனிதர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அம்மா" என்பார். எழுபத்தெட்டு வயதில் ஒரு மனிதன் தாயின் பெயர் தெரியாமல் தலைகுனிவது எவ்வளவு பெரிய துயரம்!

நான் என்ன செய்தேன்? மார்தட்டினேன். தேடினேன். எடுத்தேன். கனகலிங்கம்! அறிவித்தவர் என்ற இடத்தில் மாமியின் கையொப்பம்! ஆள் இவரேதான்!

"அண்ணை, தாயாரின்ரை பேர் ஷை."

"அப்புவின்ரை பேர்?"

"அதுவும் ஷை."

"அப்பு வேலுப்பிள்ளை எல்லோ?"

"ஷை வேலுப்பிள்ளையாயிருக்கும்."

"ஊர்?"

"ஷை."

"எல்லாம் ஒண்டாக் கிடக்கே தம்பி?"

"ஒற்றுமையான குடும்பம் அண்ணை" என்றேன். சொன்ன வாய் இதே வாய்தான், தாய்மார்களே!

சித்திராப் பௌர்ணமி வந்தது. தர்ப்பையை விரலில் மாட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாகத் தலைநிமிர்ந்து, "ஷை" என்றிருக்கிறார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"உது பேரில்லை. ஷை எண்டா மேற்படி. எங்கடை காணி உறுதியிலை பக்கத்துக்குப் பக்கம் கிடக்கு. ஆர் உமக்கு உதைச் சொன்னது?"

ஆர் சொன்னதென்று கேட்டு முடியமுதல் ஈரவேட்டியோடு சைக்கிள் என் வாசலில் நிற்கிறது. "என்ரை அம்மாவுக்கு மேற்படி எண்டு பேர் வைச்சிட்டாயே, படுபாவி!"

எனக்குத் தெரிந்த மேற்படி, மேல்வரியில் உள்ளதே என்று காட்டத் தொழிற்சாலைப் பேரேட்டில் போடும் இரண்டு குத்து. ஷையை நான் எங்கே கண்டேன்? ஆனால் சபையோரே, அது சாட்டுப்போக்கு. ஒரு பக்கத்தின் முதல்வரியிலேயே மேற்படி என்றால் அந்த 'மேலே' எங்கே? முந்தின பக்கத்தில்! அதைத் திறந்து பார்க்க எனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் இன்னொரு வரி தட்டலாமென்றுதான் பார்க்காமல் விட்டேன். பட்டியலுக்காக ஒருவரின் தாயை விட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அந்த முந்தின பக்கத்தைத் தட்டச்சுச் செய்தவர்தான் ஆரணி ரீச்சர். தொலைபேசியில் கேட்டேன். கடைசிவரியை வாசித்தா. தகப்பன், வேலுப்பிள்ளை. தாய், தெய்வானைப்பிள்ளை. பிள்ளை... ஞானாம்பிகை!

ஞானாம்பிகை யார்? கனகலிங்கம் அண்ணையின் அக்கா! ஏனோ தெரியாது, இரண்டு வயது மூத்தவ என்று மாமி சொல்லி வளர்த்தவ. அந்த மூப்பை வைத்து எழுபத்தெட்டு வருடமாய் இவரைக் கடைக்கு அனுப்பியவ. ஆனால் இவருடைய வரியில் பிறந்த திகதியிலும் ஷை! அவ பிறந்தது நாலு மணி பத்து நிமிடம். இவர் நாலு இருபத்தைந்து. இரட்டைப் பிள்ளைகள்!

அண்ணையும் நானும் செய்தியோடு அக்காவிடம் ஓடினோம். அக்கா கேட்டா. கண்ணாடியைக் கழற்றினா. துடைத்தா. போட்டா. "பதினைஞ்சு நிமிசம் எண்டாலும் அக்கா அக்காதான். டேய் கனகு, இவருக்குச் சோடா வாங்கிக்கொண்டு வா!"

அவர் படலை தாண்டியதும் அவ கண்ணாடியைத் திரும்பவும் கழற்றினா. "உன்னாலைதான் அம்மா செத்தவ எண்டு அவனை எத்தினை தரம் ஏசிப்போட்டன். நானும் எல்லோ வயித்துக்குள்ளை கூடக் கிடந்திருக்கிறன்" என்று அழுதா. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவ ஒருநாளும் எடுத்ததில்லை. கடைக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை.

இந்தச் சித்திரையில் நானும் கோயிலுக்குப் போனேன். "தாயாரின்ரை பேர்?" என்றார் ஐயர். கனகலிங்கம் அண்ணை திரும்பி அக்காவைப் பார்த்தார். பின்னால் நின்ற அக்கா ஓரடி முன்னே வந்து அவர் தோளைத் தொட்டா. இரண்டுபேரும் சேர்ந்து சொன்னார்கள். வெளிவீதிவரை கேட்டது.

தொண்டர்களே! இன்னும் நானூற்றுப் பத்துப் பேர் ஷையாக நிற்கிறார்கள். அவர்களுக்குத் தாய் இல்லையா? தகப்பன் இல்லையா? ஊர் இல்லையா? இருக்கிறார்கள், ஒரு பக்கம் முன்னால் இருக்கிறார்கள்! புரட்டுங்கள். பொறுமையாய்ப் புரட்டுங்கள். பட்டியலில் கடைசி இடம் வந்தாலும் பரவாயில்லையென்று புரட்டுங்கள்! நான் இப்போது இருபத்தேழாம் இடத்தில் இருக்கிறேன், ஒழுங்காகக் குளிக்கிறேன்.

அம்மையார் கடிகாரத்தைக் கழற்றியே பிடித்துவிட்டா. ஆகவே பிழையைப் பொறுத்த ஆரணி ரீச்சருக்கும், கைதட்டிய உங்களுக்கும், முன்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற தெய்வானைப்பிள்ளையின் பிள்ளைகள் இருவருக்கும் என் நன்றி, என் வணக்கம்.