பாயை எரித்தோம், ஊசியை மறந்தோம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தணிகைவேல் ஐயா அவர்களே, ஆரம்பாக்கத்துப் பெரியோர்களே, களைவெட்டைப் பாதியில் விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, ஷிப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு நிற்கும் அண்ணன் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் மன்னியுங்கள். நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவள் நான். எழுதி வந்த காகிதத்தைப் பார்த்துத்தான் பேசுகிறேன்.

எங்கள் வயலோரம் என் நைனா துளசிராமன் கட்டிய வாடகை அறைகளை அறிவீர்கள். கம்பெனிக்குப் போகும் பிள்ளைகள் தங்குகிறார்கள். ஒருவர் எழுந்து வேலைக்குப் போனால், வேலை முடித்து வந்தவர் அதே பாயில் படுப்பார். அவர்களில் ஒருவருக்கு எச்.ஐ.வி. அவரைக் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய மாத்திரை டப்பாவை யாரோ பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான்!

"ஐயோ நந்தினி, நானும் அதே பாயிலதான் படுத்துக்கினு இருந்தேன்! என் கத முடிஞ்சுது!" என்று அலறினார் வரதண்ணன். பாயை எரித்தார்கள். டம்ளரை வாய்க்காலில் எறிந்தார்கள். நைனா அறையைப் பூட்டிவிட்டார்.

பாயா பரப்பும் இந்த நோயை? டம்ளரா தரும்? தொட்டால் வருமா? சேர்ந்து சாப்பிட்டால் வருமா? வராது, வராது, வரவே வராது!

"கொசு கடிச்சா?" என்கிறார் பின்னால் ஓர் அண்ணன். அதிலும் வராதுண்ணே. வருமென்றால் நம்மூரில் யார் மிஞ்சியிருப்போம்?

பாதுகாப்பில்லாத உடலுறவில் வரும். ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தினால் வரும். சோதிக்காத ரத்தத்தை ஏற்றினால் வரும். மருந்து எடுக்காத தாயிடமிருந்து பிள்ளைக்கு வரலாம். வந்தாலும் பல வருஷம் வெளியே தெரியாது. உள்ளே எதிர்ப்புச் சக்தியைத் தின்றுகொண்டே இருக்கும். அது முற்றிய நிலைதான் எய்ட்ஸ்.

பாயை எரித்த கைகளைப் பார்த்தேன். எல்லாக் கையிலும் ஒரே மாதிரி வேல். ஆடித் திருவிழாவில், ஒரே கடையில், ஒரே ஊசியில் குத்திக்கொண்ட பச்சை!

"டெஸ்ட் எடுத்தீங்களாண்ணே?" என்றேன்.

"அத்த இன்னாத்துக்கும்மா? பேஜாரு!" என்றார் வரதண்ணன்.

சிரிக்காதீர்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம், ரகசியம். மருந்தும் இலவசம். தினமும் விடாமல் போட்டால் வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம், நோயில்லாத பிள்ளையும் பெறலாம். விட்டுவிட்டால் கிருமி மறுபடி தலைதூக்கும்.

"அவருக்கு எப்டி வந்துச்சாம்?" என்று கேட்கும் அக்கா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

பூட்டிய அறைக்குள் அவர் பை. பைக்குள் அந்த மாத்திரை. அவரோ ரயில் ஸ்டேஷன் பெஞ்சில். மருத்துவமனையில் வேறு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன், "இன்னும் எத்தினி பேர் மூஞ்சியத்தான் பாக்கறது?" என்று தலைகுனிந்துகொண்டார். வீட்டில் சாவி கேட்டேன். "அந்த ரூம்ல கால வெச்சே, ஊட்டுப் பக்கம் வராதே" என்றார் நைனா.

இத்தனை நேரம் பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றியும் வணக்கமும்.

இன்னும் ஒன்று, ஊருக்கு இல்லை. முன்வரிசையில் இருக்கும் உனக்கு. சாவியக் குடு நைனா. நான் போய் அவரைக் கூட்டிக்கினு வரேன்.