எலுமிச்சை மரத்தடிச் செப்புத் தகடு

— அங்கயே நில்லு, எல்லப்பா. எலுமிச்சை மரத்துக்கிட்ட போகாதே. எங்காத்துல நடக்கற அக்கிரமத்துக்கு நீயும் உடந்தைன்னு தெரிஞ்சுபோச்சு.

— இன்னாம்மா, வந்ததும் வராததுமா? உங்க வெந்நீர் ஹீட்டருக்குப் புது காயில் வாங்கினு மெட்ராஸ்லேந்து இப்பத்தான் செங்கல்பட்டுல எறங்கினேன். மரத்தடில யாரு பள்ளம் தோண்டுனது?

— நான்தான் ஆள் விட்டுத் தோண்டினேன். எலுமிச்சை ஏன் இப்படிப் பட்டுப்போறதுன்னு பார்த்தா, உள்ளே என்ன இருந்தது தெரியுமோ? அடுப்புக்கரி, கல்லுப்பு, அடியில ஒரு செப்புத் தகடு! செய்வினைன்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

— ஐயோ, செய்வினையும் இல்ல ஒண்ணும் இல்ல. அது எர்த்தும்மா! கரண்டுக்காரன் நான்தான் பொதைச்சேன். நீங்க காஞ்சீபுரம் கருடசேவைக்குப் போயிருந்தப்ப.

— எங்காத்து நாட்டுப்பொண்ணு வத்சலாவும் உன் பேரைத்தான் சொன்னா. பேசி வெச்சுண்டுன்னா சொல்றேள் ரெண்டு பேரும்! நான் இல்லாத நாளாப் பார்த்து ஏண்டா புதைச்சே?

— உங்க வூட்டுக்காரரு, வக்கீல் ஐயா, அன்னிக்குத்தான் வரச் சொன்னாரு. மெய்யாலுமே சொல்றேம்மா, ஹீட்டர்ல கரண்டு ஒழுகுச்சுன்னா கம்பி வழியா அந்தத் தகட்டுக்கு வந்து மண்ணுக்குள்ள போய்டும். ஆள அடிக்காது. அதுக்குத்தான் கரியும் உப்பும்.

— அப்போ அந்த வத்சலா தினம் சாயங்காலம் ஒரு குடம் ஜலத்தைக் கொண்டுபோய் அங்க கொட்டுவாளே, அது எந்த தேவதைக்கு அபிஷேகமாம்?

— நான்தாம்மா ஊத்தச் சொன்னேன். வெயில்ல மண்ணு காஞ்சுபோச்சுன்னா எர்த்து எடுக்காது.

— பெருமாளே! எதைக் கேட்டாலும் ஒரு பதில் வெச்சிருக்கான். அவ வந்த நாள்லேந்து என் பிள்ளை எங்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்லை. மாம்பலத்துல தனிக்குடித்தனம் போறேங்கறான். ஒரே பிள்ளைடா எனக்கு! பெத்த வயிறு எரியாதோ?

— எரியும், யாரு இல்லன்னது? தகடு எங்கம்மா?

— ஆத்துல வெச்சுப்பேனா அதை? காலம்பற என் பிள்ளை அம்பிகிட்ட குடுத்து, மகாபலிபுரத்துல கடல்ல போட்டுட்டு வாடான்னு அனுப்பினேன். போட்டுட்டு இப்பத்தான் பஸ்ஸுல வந்தான். மாடியில படுத்திருக்கான், பாவம்.

— கடல்லயா! அதுலேந்து வந்த கம்பி?

— அரிவாளால அறுத்துட்டேன்.

— போச்சுடா சாமி! ஹீட்டர்ல கீற பழைய காயில் ஒழுகுதும்மா. புதுசு வர்ற வரைக்கும் எர்த்து தாங்கிக்கும்னு வுட்டுட்டுப் போனேன், புத்தி கெட்டு. இப்ப எர்த்தும் இல்லன்னா டாங்க்கு, கொழாய், தண்ணி அல்லாத்துலயும் கரண்டு நின்னுகினு இருக்கும். ஹீட்டரை யாருனா போட்டுக்கீறீங்களா?

— எதுக்குக் கேக்கறே?

— சொல்லும்மா! குளிக்கிற ரூமுல யாரோ கீறாங்க. சொம்பு சத்தம் கேக்குது.

— வத்சலாதான். தலைமுழுகிட்டு ஈரப்புடவையோட வந்து, நான் செய்யலைன்னு பெருமாள் முன்னால சத்தியம் பண்ணுன்னு சொல்லியிருக்கேன்.

— சின்னம்மாவா! மெயின் சுவிச்சு ஐயாவோட ஆபீஸ் ரூமுல கீது. சாவிய எடும்மா, சீக்கிரம்!

— சாவி என் இடுப்புல இருக்கு. கோர்ட்டுக் கட்டெல்லாம் அடுக்கி வெச்சிருக்கற ரூம். உன்னை உள்ள விட்டு அங்க ஒண்ணு புதைக்கறதுக்கா?

— உசுரு போற விசயம்மா! சொம்பால மொண்டு ஊத்திக்கிற வரைக்கும் சரி. ஈரக் கையோட கொழாயத் திருகுனா அப்படியே புடிச்சுக்கும். வுடாது!

— அவ மேல தப்பில்லேன்னா பெருமாள் காப்பாத்துவார். சத்தியம் பண்ணட்டும், அப்புறம் சாவி தரேன். நீ கத்தாதே, தெருவே வேடிக்கை பாக்கும்.

— உங்க கால்ல வுழறேன், குடும்மா! சின்னம்மோவ்! சின்னம்மோவ்! கொழாயத் தொடாதீங்க! கதவத் தொறந்துகினு வெளிய வாங்க!

— ஏன் இப்படிக் கத்தறே, எல்லப்பா? நான் இங்க கிணத்தடியிலன்னா குளிச்சிண்டிருக்கேன். பஸ்ஸுல வந்த அலுப்பு, வெந்நீர் நான் எடுத்துக்கறேன்னு உள்ளே போனது அம்மாவோட பிள்ளை.