பதினைந்தாவது குழியில் நான்கு

என் கையெழுத்து நன்றாக இருக்கும். கோல்ஃபில் அதற்கு மதிப்பு உண்டு. ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி என்று அட்டையில் குறிக்க வேண்டும்; குறைவான அடிகளில் முடிப்பவர்தான் ஜெயிப்பார். போட்டியில் நம் மதிப்பெண் அட்டையை நாம் எழுத மாட்டோம். கூட ஆடும் வேறு பள்ளிப் பெண் எழுதுவாள். முடிந்ததும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் நம் பொறுப்பு. ஏதாவது ஒரு குழிக்கு அடித்ததைவிடக் குறைவான எண் இருந்து, கையெழுத்திட்டுக் கொடுத்தும் விட்டால், தகுதி நீக்கம். யார் எழுதியது என்று பார்ப்பதில்லை.

டெலேனியும் நானும் ஒன்பது வயதிலிருந்து, சோள வயலை ஒட்டிய எங்கள் ஊர் மைதானத்தில் சேர்ந்து ஆடியவர்கள். பயிற்சி ஆட்டங்களில் அவள் அட்டையை நான் எழுதுவேன், என்னுடையதை அவள். நான் எழுதியதை அவள் ஒருநாளும் சரிபார்த்ததில்லை.

எங்கள் பள்ளியில் மொத்தமே நான்கு பெண்கள்தான் ஆடினோம். அணி என்று கணக்கில் வர நான்கு பேரின் மதிப்பெண் வேண்டும். அந்த ஆண்டு மாநிலப் போட்டிக்கு முதல்முறையாகப் போயிருப்போம். பிப்ரவரியில் டெலேனி டிமோயின் நகரத்துப் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளிக்கு மாறிவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. பயிற்சியாளர் ஹேவர்கேம்ப்தான், மரவேலை வகுப்பில் பலகையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"நாலாவது ஆள் இல்லம்மா, பிரின். இந்த வருஷம் நமக்கு டீம் கிடையாது."

மே மாதம் மாவட்டப் போட்டியில் நான் தனியாளாக ஆடினேன். என் குழுவில் டெலேனி. அவள் அட்டை என் கையில் தரப்பட்டது. நான் கேட்டு வாங்கவில்லை.

புதுச் சீருடையில் வந்தாள். "இன்னும் அந்தக் கிழிஞ்ச பையைத்தான் தூக்கிட்டு அலையிறியாடீ?" என்றாள். நானும் சிரித்தேன்.

பதினான்காவது குழியிலிருந்து நடக்கும்போது அவளாகவே சொன்னாள். அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்களாம்.

"அம்மா காரை எடுத்தாங்க, நான் ஏறிட்டேன். உன்கிட்ட சொல்லியிருந்தா ஏறியிருக்க மாட்டேன். அதான் சொல்லல."

அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. சொல்லியிருந்தால் ஏறியிருக்க மாட்டாள் என்பதைத்தான் மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டேன்.

பதினைந்தாவதில் பந்து குளத்தில் விழுந்து, அதற்கான தண்டனை அடியையும் சேர்த்து ஐந்தில் முடித்தாள். "அஞ்சு" என்று என்னிடம் தெளிவாகச் சொன்னாள். நான் நான்கு என்று எழுதினேன்.

முடிந்ததும் சோளச் சிப்ஸ் பாக்கெட்டில் இறைச்சியும் சீஸும் கொட்டி வாங்கி, ஒரு கையால் சாப்பிட்டபடி மறு கையால் கையெழுத்துப் போட்டாள். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அவள் அட்டையைக் கொடுத்துவிட்டு மேசையை விட்டு நகரும்வரை காத்திருந்தேன். பிறகு நடுவரிடம் போய், பதினைந்தாவது குழி எனக்கு உறுத்தலாக இருக்கிறது, அவள் நான்கு என்று சொன்னதால் அப்படியே எழுதிவிட்டேன் என்றேன். குழுவின் மூன்றாவது பெண்ணைக் கேட்டார்கள். குளத்தில் விழுந்ததை அவள் பார்த்திருந்தாள், ஐந்து என்று எண்ணியும் இருந்தாள். டெலேனியைக் கேட்டபோது அவள் வாதாடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைத் தகுதி நீக்கியதால், அவளுடைய பள்ளி இரண்டே அடி வித்தியாசத்தில் மாநில வாய்ப்பை இழந்தது. தங்கள் அணியில் சேர்க்க அவளோடு பேசிக்கொண்டிருந்த கல்லூரி பேசுவதை நிறுத்தியது. ஏமாற்றுக்காரி என்று பள்ளியில் அவள் அலமாரிக் கதவில் எழுதினார்களாம். ஆகஸ்டில் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்து, எங்கள் பள்ளியில் மறுபடி சேர்ந்தாள். மட்டையைத் தொடுவதில்லை.

இங்கேயும் அவளோடு யாரும் பேசுவதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நான்தான் என் மேசையில் இடம் கொடுக்கிறேன். என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுகிறாள். எழுந்து போக வேறு மேசை கிடையாது. கொஞ்ச நாளானால் பேசுவாள். செய்தது நான்தான், உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அவள் எனக்குச் செய்ததற்குப் பிறகும், அவளை மன்னித்தவள் நான் ஒருத்திதான்.