தையல் கடையில் இருந்த இரண்டாவது ஹார்ட் டிஸ்க்

என் பெயர், தந்தை பெயர், கதவு எண் ஆகியவற்றை முதல் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது எழுபத்தொன்று. கல்லூரியில் உயிரியல் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மகன், மருமகள் ஆகியோருடன் இரண்டாம் மாடியில் வசிக்கிறேன். இதற்கு முன் எந்தக் காவல் நிலையத்துக்கும் போனதில்லை. என்னை யாரும் வற்புறுத்தி அழைத்து வரவில்லை. எங்கள் வீட்டுத் திருட்டு தொடர்பாக, எதிர்ச்சாரியில் தையல் கடை வைத்திருப்பவரைப் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு நானாகவே வந்தேன். அவர் திருடவில்லை. அவர் கடையில் கிடைத்த ஹார்ட் டிஸ்கை அவரிடம் கொடுத்தவன் நான்.

ஓய்வுக்குப் பிறகு, பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாய்விட்டு வாசித்துக் கணினியில் பதிவு செய்து வருகிறேன். ஒரு நூல் முழுவதும் முடிந்த பிறகுதான் பள்ளிக்கு அனுப்புவது வழக்கம். இப்போது பதிவாகி வரும் நூல் பெரியது, பாதிக்கு மேல் முடிந்திருக்கிறது. கணினி கெட்டுப்போனால் என்ன செய்வது என்று முதலில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, அதைக் கணினியிலேயே செருகி வைத்து, அன்றன்றைய பதிவு தானாக அதில் சேரும்படி அமைத்தேன். அதன் பிறகு, கணினியும் ஹார்ட் டிஸ்கும் ஒரே மேசையில் இருக்கின்றன, மேசைக்கே ஏதாவது நேர்ந்தால் இரண்டும் சேர்ந்து போகுமே என்ற எண்ணம் வந்தது. இது தேவையற்ற பயமோ என்று பல நாள் யோசித்தேன். மகனிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "குடைக்கு மேல இன்னொரு குடை பிடிக்கிற ஆளுப்பா நீங்க" என்று சிரித்தான். அத்துடன் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். ஆனால் அதே நிறுவனத்தின் அதே அளவுள்ள இன்னொரு ஹார்ட் டிஸ்கை வாங்கினேன்.

இந்தக் கூடுதல் ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுக்கும் வேலையைக் கவனமாகச் செய்தேன் என்று தயக்கமில்லாமல் சொல்ல முடியும். முதலில் அதற்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன். முதல் ஹார்ட் டிஸ்கோடு குழம்பாதிருக்க 'இரண்டு' என்று கணினியில் பெயர் வைத்தேன். அதன் பிறகு பதிவுகள் முழுவதையும் அதில் ஏற்றினேன். ஏற்றியாயிற்று என்று கணினி சொன்னதை மட்டும் நம்பாமல், கழற்றி மறுபடி செருகி, ஹார்ட் டிஸ்கிலிருந்தே சில பாடங்களைத் திறந்து நடுவிலிருந்து கேட்டுப் பார்த்தேன். என் குரல் தெளிவாக இருந்தது. அடியில் இருக்கும் வரிசை எண்ணை மட்டும் குறித்து வைக்கவில்லை. இவ்வளவு செய்தவனுக்கு அது தோன்றவில்லை.

அதை வீட்டுக்கு வெளியே வைக்க இடம் தேடினேன். தையல்காரரை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். மகனுக்குத் தெரிந்தால் மறுபடி கேலி செய்வான் என்பதால், யார் கேட்டாலும் இது இங்கே இருப்பதைச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள உங்க பாடமெல்லாம் இருக்கா சார்? ராத்திரியில தானா கிளாஸ் எடுக்காதே?" என்றார். எடுக்காது என்றேன். "அப்ப சரி. வாயைத் தச்சுட்டேன்னு வச்சுக்கங்க" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். என் சட்டை ஒன்றைத் தைத்துக் கொண்டுவந்ததாகச் சொல்வார். அந்தச் சட்டைக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கும். நான் புதிய பதிவுகளை அதில் ஏற்றி முடிக்கும் வரை கூடத்தில் உட்கார்ந்திருப்பார். பிறகு அடுத்த சட்டையில் சுற்றிக் கொடுத்தனுப்புவேன். மருமகள் ஒருமுறை, "மாமா சட்டை மட்டும் எப்படி மாசாமாசம் அளவு மாறுது?" என்று கேட்டார்.

இந்த மாதம் முதல் சனிக்கிழமையும் அவ்வாறே நடந்தது. அவர் துணி மூட்டையோடு படியிறங்கியதை எங்கள் குடியிருப்பின் காவலாளி பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். பார்த்தது உண்மை, மூட்டைக்குள் இருந்தது மேற்படி ஹார்ட் டிஸ்க். அதற்குப் பின் வந்த நாட்களில் செரிமான மண்டலம் பற்றிய இரண்டு பாடங்களைப் பதிவு செய்தேன். பிறகு கண் அறுவைச் சிகிச்சைக்காக மகள் வீட்டுக்குப் போனேன். நான் அங்கிருந்தபோது, மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கதவை உடைத்துக் கணினியையும் முதல் ஹார்ட் டிஸ்கையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். இரண்டாவது ஒன்று இருப்பதே மகனுக்குத் தெரியாது. அவன் கொடுத்த புகாரில் எழுதியிருந்த அதே நிறுவனம், அதே அளவு, அதே கறுப்பு நிறம் என்பதால், காவலாளி சொன்னதை வைத்துக் கடையைச் சோதித்த போலீசார் அங்கே இருந்ததைத் திருடப்பட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். கேட்டபோது தையல்காரர், "என்னுது இல்ல. யாருதுன்னு சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

இன்று நிலையத்தில் என் முன்னிலையில் இன்ஸ்பெக்டர் அவரிடம் மறுபடி கேட்டார். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "சொல்லலாங்களா சார்?" என்றார். சொல்லுங்கள் என்றேன். அதன் பிறகு நான் மேலே கூறியவற்றையே அவரும் கூறினார். "சட்டையைப் பிரிச்சுப் பிரிச்சு அதே அளவுல தச்சுக் குடுத்திருக்கேன். பொய் சொல்லக் கூடாதில்ல, அதான் நிஜமாவே தச்சேன்" என்றும் கூறினார். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "யார் கேட்டாலும்னு சொன்னாரு. போலீஸ் தவிரன்னு சொல்லலையே" என்றார். அவர் உதட்டில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

பிறகு இன்ஸ்பெக்டர் மேற்படி ஹார்ட் டிஸ்கை நிலையத்துக் கணினியில் செருகச் சொன்னார். கடவுச்சொல்லை நான் தட்டினேன். திறந்தது. 'இரண்டு' என்ற பெயர் வந்தது. கடைசியாக ஏற்றிய தேதி இந்த மாதம் முதல் சனிக்கிழமை என்று இருந்தது. செரிமானப் பாடங்கள் இரண்டும் அதில் இல்லை. திருடுபோனதில் அவை இருந்திருக்க வேண்டும் என்றேன். அழித்திருக்கலாமே என்று உதவி ஆய்வாளர் கேட்டார். நியாயமான கேள்வி. கடவுச்சொல் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது, திறக்க முடியாததில் எதையும் பொறுக்கி அழிக்க முடியாது என்று பதில் சொன்னேன். அந்தப் பாடங்களைப் பதிவு செய்தது உண்மைதானா என்று மருமகளிடம் தொலைபேசியில் கேட்டார்கள். "நாங்க சாப்பிட உட்காரும்போதுதான் மாமா குடலைப் பத்திப் படிச்சாரு, எப்படி மறக்கும்?" என்று அவர் சொன்னது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

வழக்கு முடியும் வரை ஹார்ட் டிஸ்க் நிலையத்திலேயே இருக்க வேண்டும் என்றார்கள். மாணவர்களின் பாடங்கள் இப்போது அது ஒன்றில்தான் இருக்கின்றன என்பதால், இங்கேயே அவர்கள் முன்னால் நகல் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். புதிய ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொண்டே வந்திருப்பதாகச் சொன்னேன். "ஒண்ணு போதுமா பெரியவரே?" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். போதாது, இரண்டு வாங்கி வந்திருக்கிறேன் என்றேன். அனுமதித்தார்.

இவ்வளவும் நான் செய்ததும் நேரில் கண்டதும் கேட்டறிந்ததும் ஆகும். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். படித்தபோது, தையல் கடையில் கிடைத்தது பற்றிய வரியில் 'திருட்டுப் பொருள்' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு 'நான் கொடுத்து வைத்த பொருள்' என்று எழுதும் வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். எழுத்தர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பெஞ்சில் இருந்த தையல்காரரைப் பார்த்து, "நீங்க கிளம்புங்க" என்றார். வரி திருத்தப்பட்டது. திருத்தத்தின் ஓரத்திலும் தாளின் கீழும் கையொப்பமிட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)