ஆடாத கை

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள் அமர்ந்திருந்தார்கள்.

“உன் மேல வந்த சாமிய மருந்து சாப்பிட்டு விரட்டிட்டியே!” என்றார் மூத்தவர்.

இளையவள் கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்தாள். “அது சாமி இல்ல அத்தை, தைராய்டு. கழுத்துல இருக்கிற சுரப்பி அளவுக்கு மீறி வேலை செஞ்சுச்சு. அதான் கை நடுங்குச்சு, நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு, வேர்த்துக் கொட்டுச்சு.”

“பூசையில எல்லாரும் உன் கால்ல விழுந்தாங்க லா!”

“நான் மயங்கி விழுந்தப்போ ஒருத்தர்கூட கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போகல.”

“இப்பதான் நடுக்கம் நின்னுருச்சே, மாத்திரைய விட்டுரு.”

“டாக்டர் சொல்ற வரைக்கும் விட மாட்டேன்.” தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள்.

“வெள்ளிக்கிழமை கோயில்ல சாமி ஏன் வரலன்னு கேட்டா என்ன சொல்றது?”

“நானே வரேன். நெய்விளக்க நானே ஏத்துறேன். கை ஆடுதான்னு எல்லாரையும் வந்து பாக்கச் சொல்லுங்க.”